தப்பால் ஆசீர்வாதம்

மூன்றாவது வளைவுக்கு வந்ததும் ஆசீர்வாதம் தம் தாயாராகிவிடுவார். முந்தானையை இழுத்துச் செருகுவதுபோல இடது கை இடுப்புக்குப் போகும். உதடு ஒரு பக்கம் கோணும். குரல் ஒரு படி ஏறும். "அந்த மனுசன்கிட்ட சொல்லு" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தித் தலையை ஆட்டிக்கொள்வார். சரியில்லை. நாலு அடி நடந்து, "அப்பாகிட்ட சொல்லுப்பா" என்று மறுபடி தொடங்குவார். இது பரவாயில்லை. ஐந்தாவது வளைவில், தேயிலை தொடங்கும் இடத்தில், ஒரு தரம் செருமித் தம் தகப்பனாராகிவிடுவார். தோளில் தொங்கும் காக்கித் தப்பால் பை மட்டும் மாறாது.

மாத்தளை மலையில் இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் அந்தப் பாதைக்குப் புதியவர்கள் இதைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். மிளகு வாங்க வந்த பலாபத்வல ஊர் வியாபாரி ஒருவர், பேய் பிடித்த தப்பால்காரன் ஒருவன் மலையேறிப் போகிறான் என்று கீழே வந்து சொல்லி, அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றவர்களையெல்லாம் கதிகலங்க வைத்தார். உள்ளூர்க்காரர்கள் கவலைப்படுவதில்லை. "வீட்டுத் தப்பால் எழுதுறாரு" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள்.

ஆசீர்வாதத்துக்கு நாற்பத்தைந்து வயது. கொறக்காமலைத் தோட்டத்தின் தப்பால்காரர். காலையில் தோட்டத்துக் கந்தோரில் பூட்டிய பையை வாங்கிக்கொண்டு நாலு மைல் இறங்கி இரத்தோட்டைத் தபால் கந்தோரில் கொடுப்பார். மத்தியானத்துக்குள் வேறு கடிதங்களோடு அதே நாலு மைலை ஏறுவார். பைக்குச் சாவி இரண்டு. ஒன்று மேலே கிளாக்கரிடம், ஒன்று கீழே போஸ்ட் மாஸ்டரிடம். தம்மிடம் சாவி இல்லாததில் அவருக்குப் பெரிய பெருமை. "உள்ள என்ன இருக்குன்னு தெரியாமத் தூக்குறதுதான் மாஸ்டர் நேர்மை" என்று பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் சொல்வார். வீட்டுத் தப்பாலில்தான் அந்த நேர்மை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடிதம் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார். மூன்று காம்பரா தள்ளிப் போய் நின்று, தலைப்பாகையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிப் பார்ப்பார். சிரிப்புச் சத்தம் கேட்டால் நடையைக் கட்டுவார். அழுகைச் சத்தம் கேட்டால் திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுப்பார். கடிதத்தில் இருந்த சேதிக்குத் தாமும் கொஞ்சம் பொறுப்பு என்பது அவர் எண்ணம்.

வீட்டில் இரண்டு பேர். தகப்பனார் பொன்னையா, ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய சில்லறைக் கங்காணி, எழுபத்தாறு வயது. தாயார் ராசம்மா, நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவர், எழுபதை எட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே காம்பரா. பொன்னையா முன்பக்கத் தாழ்வாரமான இஸ்தோப்பில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். ராசம்மா உள்ளே அடுப்படியில் இருப்பார். நடுவே பத்தடி தூரம். பன்னிரண்டு வருஷமாக, அதாவது போன வருஷம் சித்திரை வரைக்கும், அந்தப் பத்தடியைத் தாண்டி ஒருவர் சொல் மற்றவருக்கு நேராகப் போனதில்லை.

காரணத்தை இருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழி மழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்தது. விடியற்காலை, யாரோ கத்தினார்கள், எல்லாரும் வெளியே ஓடினார்கள். பொன்னையா தம் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ராசம்மா தம் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். லயத்தில் பாதி மண்ணுக்குள் போயிற்று. நல்ல காலம், உயிர் ஒன்றும் போகவில்லை. காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லாரும் நனைந்துகொண்டு நிற்கும்போது ராசம்மா புருஷனை மேலிருந்து கீழ்வரை பார்த்து, நாலு பொத்தானையும் போட்டுக்கொள்ள நேரம் இருந்திருக்கிறது, எனக்கு ஒரு சத்தம் கொடுக்க நேரமில்லை என்றார். நீ ஆட்டைத்தானே கூப்பிட்டாய், என்னைக் கூப்பிட்டாயா என்று பொன்னையா கேட்டார். அதோடு பேச்சு நின்றது. ஆடு அடுத்த வருஷமே செத்துப்போனது. பேச்சு திரும்பவில்லை.

அவர்களைத் தற்காலிகமாகக் குடிவைத்திருந்த தகரக் கொட்டகையில்தான் இரண்டு நாள் கழித்து, ஒரு காலையில், உபதேசியார் பிரசங்கம் செய்தார். சாலமோன் ராசா முதலான பழைய எபிரேய ஞானிகள் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதிதான் பொருள்: புத்தியுள்ள பிள்ளையால் பெற்றவர்களுக்குச் சந்தோஷம், மூடப்பிள்ளையால் துக்கம். தப்பால் பைக்கு நேரமாகிவிட்டதால் ஆசீர்வாதம் சந்தோஷம் வரைக்கும் கேட்டுவிட்டு எழுந்துபோய்விட்டார். துக்கத்தைப் பற்றிய பகுதி அவர் காதில் விழவேயில்லை. கேட்ட பாதியையே நாலு மைலும் யோசித்தார். இன்றைக்கும் யோசிக்கிறார்.

"அப்பனச் சந்தோசப்படுத்துன்னு மட்டும் சொல்லியிருந்தா லேசு மாஸ்டர். ஆத்தாள மட்டும்னாலும் முடிச்சிரலாம். சாலமோன் ராசா அப்பனும் ஆத்தாளும்னு போட்டுட்டாரு. உம். அந்த உம்மத்தான் நான் பன்னண்டு வருசமாத் தூக்கிட்டு நடக்குறேன்."

இலக்கணம் படிப்பித்துப் பிழைக்கிற எனக்கு எண்ணும்மை இவ்வளவு பாரமானது என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு ஆசீர்வாதம் குரலைத் தாழ்த்தி, அந்த ராசாவுக்கு எழுநூறு மனைவிமாராமே, அவர் பிள்ளைகள் தாயையும் தகப்பனையும் எப்படித்தான் சமாளித்தார்களோ என்று வருத்தத்தோடு கேட்டார்.

ஆரம்பத்தில் அவர் நேர்மையான தப்பால்காரராகத்தான் இருந்தார். தாய் சொன்னதைத் தகப்பனிடம் ஒரு சொல் குறையாமல் சொன்னார். தகப்பன் சொன்னதைத் தாயிடம் ஒரு சொல் கூடாமல் சொன்னார். மூன்று மாதத்தில் வீட்டில் இருந்த மண்சட்டி எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் நெற்றியில் கட்டோடு இரத்தோட்டைக்கு வந்தவரைப் பார்த்து, தேநீர்க் கடை ஸஹாப்தீன் நானா விஷயத்தை விசாரித்தார். அவர்தான் வழி சொன்னார். பிரிந்திருக்கிற இரண்டு பேரைச் சேர்த்து வைப்பதற்காக ஒருவன் நல்ல சொல்லைக் கொண்டுபோனால் அது பொய்க்கணக்கில் சேராது, எங்கள் மார்க்கத்திலே அப்படி இருக்கிறது என்றார். உங்கள் சாலமோன் ராசாவும் எங்கள் ஸுலைமான் நபியும் ஒருவர்தான், ஆகவே தாராளமாகச் செய்யலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். இப்படியாக நோக்கத்தைப் பிரசங்கத்திலும் உபாயத்தைக் கடையிலும் பெற்றுக்கொண்டு ஆசீர்வாதம் மலையேறினார்.

அன்று அவர் ஒரு தபால் சட்டம் இயற்றினார். காலையில் கொடுக்கும் சொல் மத்தியானம்தான் பட்டுவாடா ஆகும். உடனே கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று இருவரையும் நம்பவைத்தார். பொன்னையா முன்னாள் கங்காணி, சட்டம் என்றால் மரியாதை கொடுப்பவர். ராசம்மாவுக்குச் சட்டத்தில் நம்பிக்கையில்லை, ஆனால் புருஷனும் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதில் திருப்தி. உண்மையில் ஆசீர்வாதத்துக்கு வேண்டியிருந்தது அந்த நாலு மைல்தான். இறங்கும்போது சொல்லை ஆறவிடுவார். ஏறும்போது அதைத் திருத்துவார்.

வெற்றிலையைச் சுவரில் துப்பினால் அந்தச் சுவரை அவரே நக்கி எடுக்கட்டும் என்று காலையில் ராசம்மா சொல்லியனுப்பிய சொல், மத்தியானம் பொன்னையாவிடம் வந்து சேரும்போது, வெற்றிலை உங்கள் பல்லுக்கு ஆகாதே என்று அம்மா கவலைப்படுகிறார் என்று ஆகியிருக்கும். பொன்னையா "ம்" என்பார். அன்று முழுக்க வாசலுக்கு வெளியே போய்த்தான் துப்புவார். இந்தக் குழம்பை நாய் மோந்துபார்க்காது என்று அவர் சொன்னது, காரம் ஒரு கை குறைந்திருந்தால் அப்பா இன்னொரு கோப்பை சோறு சாப்பிட்டிருப்பார் என்று அடுப்படிக்குப் போகும். மறுநாள் காரம் குறைந்திருக்கும். சொல் பொய், குழம்பு மெய் என்பார் ஆசீர்வாதம்.

அவருக்குத் திருமணம் ஆகவில்லை. நாலந்தாப் பக்கத்திலிருந்து தகப்பன் பார்த்த பெண்ணைத் தாய்க்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் தாய் பார்த்த பெண்ணைத் தகப்பனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பெண்களுமே நல்ல பெண்கள்தான் என்று இருவரிடமும் நல்ல சொல்லாகக் கொண்டுபோய்ப் பார்த்தார். அந்தச் சரக்கு மட்டும் நாலு மைலில் பக்குவப்படவில்லை. இரண்டு பெண்களும் இதே தோட்டத்தில் வேறு வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களையும் இவர்தான் கொண்டுபோகிறார்.

இப்படியே போயிருக்கும், பிரசாவுரிமை மனு வந்திராவிட்டால். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தின்படி, இனி எந்த நாட்டுப் பிரசை, இந்தியாவா சிலோனா என்று தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குக் கடைசி நாள் இன்னது என்று அறிவித்துவிட்டார்கள். லயங்களில் அடுப்பு எரிந்ததைவிட அதிகமாக இந்தப் பேச்சுத்தான் எரிந்தது. அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகப் போன வீடுகளை நான் அறிவேன். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு உதவும்படி ஆசிரியர்களைக் கேட்டிருந்ததால், கொறக்காமலைப் பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன்.

புருஷனுக்கும் மனைவிக்கும் ஒரே மனு. பொன்னையா ஏழு வயதில் முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் இந்தியாவுக்கு எழுதப்போவதாகக் காலைத் தப்பாலில் சொல்லியனுப்பினார். ராசம்மா இந்த மலையிலேயே பிறந்தவர். இங்கிருந்து ஓரடி எடுத்துவைக்கமாட்டேன் என்று அதே தப்பாலில் பதில் கொடுத்தார். ஆசீர்வாதம் அன்று நாலு மைல் இறங்கினார், நாலு மைல் ஏறினார், திரும்பவும் பாதி வழி இறங்கி மறுபடி ஏறினார். அந்தச் சொற்களில் திருத்துவதற்கு இடமே இருக்கவில்லை.

இரண்டு பேரும் பிரிந்து இரண்டு நாட்டுக்குப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். "தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல கப்பல்லயே தப்பால்காரனா இருந்துற வேண்டியதுதான் மாஸ்டர்."

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனவர் தகப்பனிடம், எல்லாம் உங்கள் விருப்பம்தான் என்று அம்மா சொல்லிவிட்டார் என்றார். பிறகு உள்ளே போய்த் தாயிடம், எல்லாம் உன் விருப்பம்தான் என்று அப்பா சொல்லிவிட்டார் என்றார்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததை லயமே வேடிக்கை பார்த்தது. பொன்னையா இரத்தோட்டைக்கு இறங்கி வந்து முடி வெட்டிக்கொண்டார். வாங்கில் உட்கார்ந்து பல வருஷமாகப் பாடாத ஞானப்பாட்டு ஒன்றைத் தப்பும் தவறுமாகப் பாடினார். ராசம்மா ஒரு கோழியை அடித்தார். புருஷனின் போர்வையைத் துவைத்துப் போட்டார், கேட்காமலே. விட்டுக்கொடுத்த ஆளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று இருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோழிக்கறி சாப்பிட்ட அன்று பொன்னையா கையைக் கழுவிக்கொண்டே ஒரு சொல் கொடுத்தார். இப்படி ஒரு கறி சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று உன் ஆத்தாளிடம் சொல். அவ்வளவுதான். ஆசீர்வாதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் அப்படி வந்த முதல் தப்பால் அதுதான். தபால் சட்டத்தை மீறி, நின்ற நிலையில், பத்தடி நடந்து போய் அதைக் கொடுத்துவிட்டார். இதை ஸஹாப்தீன் நானா கடையில் என்னிடம் சொல்லும்போது தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மனுவில் ஒரு நாட்டின் பெயரைத்தானே எழுத முடியும், அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னும் பதினாறு நாள் கெடக்கு மாஸ்டர். ரெண்டு பேரும் சேந்து பதினாறு நாள் சந்தோசமா இருக்குறது லேசுப்பட்ட காரியமா?"

பதினாறாம் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் மேசைக்கு முன்னால் வரிசை முற்றம் வரைக்கும் நின்றது. இடது பக்கம் இந்தியா என்று முன்னமே எழுதி வைத்த மனுக் கட்டு, வலது பக்கம் சிலோன் என்று எழுதி வைத்தது. முறை வந்தபோது மூவரும் வாங்கில் உட்கார்ந்தார்கள். பொன்னையா ஒரு முனையில், ராசம்மா மறுமுனையில், நடுவில் ஆசீர்வாதம். பெரியவர்கள் இருவர் முகத்திலும் அப்படி ஒரு தெளிவு. ஆசீர்வாதம் தம் கட்டைவிரல் நகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த நாட்டுக்கு எழுதட்டும் என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். பொன்னையா "இந்தியா" என்றார். ராசம்மா "சிலோன்" என்றார்.

இருவரும் மகனைப் பார்த்தார்கள். மகன் கூரையைப் பார்த்தார். அப்போது ராசம்மா, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, மகனின் தலைக்கு மேலாகப் புருஷனைப் பார்த்து வாய் திறந்தார்.

"என் விருப்பம்னு சொல்லி அனுப்புனீங்களே, அது என்ன?"

"நான் எப்பச் சொன்னேன்? நீதான என் விருப்பம்னு சொல்லி அனுப்புன."

ஆசீர்வாதம் எழுந்திருக்கப் பார்த்தார். பொன்னையா அவர் தோளில் கைவைத்து உட்கார வைத்தார். பிறகு அவரைத் தாண்டிக் குனிந்து, பன்னிரண்டு வருஷத்துத் தப்பாலையும் இருவரும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வெற்றிலை பல்லுக்கு ஆகாது என்று நீ சொல்லவில்லையா. இல்லை, நக்கச் சொன்னேன். காரம் குறைந்தால் இன்னொரு கோப்பை என்று நீங்கள் சொல்லவில்லையா. இல்லை, நாயைச் சொன்னேன். கோட்டும் வந்தது, ஆடும் வந்தது. வரிசையில் நின்றவர்கள் மெல்ல நெருங்கி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. இந்தியாவுக்கு எழுத வந்த ஒருவர் குந்திக்கொண்டு சுருட்டுப் பற்றவைத்தார். எனக்கு ஆசீர்வாதத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வாங்கின் நடுவில், தலைக்கு மேலே சொற்கள் போய்வர, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் பொன்னையாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப, நான் மாத்தள ஆஸ்பத்திரியில இருமிக்கிட்டுக் கெடந்தப்ப நீ அழுதேன்னு இவன் வந்து சொன்னானே. அதுவும் பொய்யா?"

"நான் ஒண்ணும் சொல்லி அனுப்பல" என்றார் ராசம்மா.

பொன்னையா தலையை ஆட்டிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார்.

"சொல்லி அனுப்பலன்னுதான் சொன்னேன்" என்றார் ராசம்மா, சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டே. "அழுவலன்னு சொல்லல."

ஆசீர்வாதம் திரும்பித் தாயைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். தாமே இட்டுக்கட்டியது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த சேதி அது.

பிறகு ராசம்மா நிதானமாக விசாரணையைத் தொடங்கினார். இந்தியாவுக்குப் போனால் அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணன் மக்கள் இருக்கிறார்கள் என்றார் பொன்னையா. பெயர் என்ன என்றார் ராசம்மா. பொன்னையா யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். வெகுநேரம் கழித்து, செவலை என்று ஒரு பெயர் சொன்னார். அது அண்ணன் மகனா என்று நான் எழுதப் போனேன். இல்லை, வீட்டில் நின்ற எருது என்று மெதுவாகச் சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. அறுபத்தெட்டு வருஷமாக ஊர் ஊர் என்று சொல்லி வந்தவர். அந்த ஊரில் தமக்கு மிஞ்சியது ஒரு மாட்டின் பெயர் மட்டும்தான் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

ராசம்மா சிரித்தவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. "இந்தியாவுக்கே எழுதுங்க மாஸ்டர்" என்றார். "இந்த மனுசனத் தனியா அனுப்புனா, மாட்டுப் பேரச் சொல்லித்தான் வழி கேப்பாரு."

"வேணாம். சிலோனுக்கே எழுதுங்க" என்றார் பொன்னையா. "இவளக் கூட்டிட்டுப் போனா, ஆயுசு பூரா என்னயச் சொல்லிக் காட்டியே கொன்னுருவா."

என் கை இடப்பக்கக் கட்டுக்குப் போய், வலப்பக்கக் கட்டுக்கு வந்து, நடுவில் நின்றது. இப்போது ராசம்மா இந்தியாவுக்காகவும் பொன்னையா சிலோனுக்காகவும் சண்டை பிடித்தார்கள். இது முந்தின சண்டையைவிடப் பலமாக இருந்தது. முடிவில் பொன்னையா எழுந்து, மைத்தட்டில் பெருவிரலைத் தேய்த்து, வலப்பக்கக் கட்டில் மேலே கிடந்த வெறும் மனுவில் ஓங்கிப் பதித்துவிட்டார். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் மாஸ்டர் என்றார். தான் கேட்டது கிடைத்த பிறகும், தன் சொல்லை மீறிவிட்டார் என்று ராசம்மாவுக்கு அன்று முழுக்கக் கோபம்.

அப்போதுதான் ஆசீர்வாதம் தம் சட்டைப் பையிலிருந்து தம்முடைய மனுவை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. நாட்டின் பெயருக்கு விட்ட இடத்தைத் தவிர எல்லாம் எழுதியிருந்தது.

விஷயம் இரத்தோட்டைக்கு எட்டியபோது ஸஹாப்தீன் நானா கைகழுவிவிட்டார். "சமாதானத்துக்கு ஒரு சொல்லுச் சொல்லலாம்னுதானே நான் சொன்ன. கவுர்மெண்டு மனுப் பாரத்துக்குச் சொல்லச் சொல்லயில்லயே" என்றார். என்றாலும் அன்றைய தேநீரைப் பால் கூட்டித்தான் போட்டுக் கொடுத்தார்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஏற்பார்களா தள்ளுவார்களா என்பதை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பதில் வந்தால் ஆசீர்வாதத்தின் பையில்தான் வரவேண்டும். மேலே கந்தோரில் கிளாக்கர் பையைத் திறக்கும்போது அவர் வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நீள உறை எதுவும் இல்லை என்று கிளாக்கர் சொன்ன பிறகுதான் திரும்புவார்.

வீட்டுத் தப்பால் வேலை அவருக்கு அன்றோடு போய்விட்டது. நாக்குக்குப் பழகிப்போனதால் வளைவுகளில் இன்னும் பேசிக்கொண்டுதான் ஏறுகிறார். ஆனால் பட்டுவாடா செய்ய ஒன்றும் இல்லை. பெரியவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். காலையிலிருந்து பேசுகிறார்கள். அநேகமாக எல்லாம் மகனைப் பற்றித்தான். அவர் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திட்டுகிறார்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுக்கிறார். பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு, லேசில் தீராது. உபதேசியாரும் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, மூடப்பிள்ளையைப் பற்றிய பகுதியை எடுத்துச் சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து ஆசீர்வாதத்துக்கு வீட்டில் மூடப்பிள்ளை என்றே பெயர்.

உங்களுக்கு வருத்தமில்லையா என்று கேட்டேன். அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"புத்தியுள்ள புள்ள சந்தோசப்படுத்துவான்னு போட்டிருக்கு. மூடப்புள்ள சந்தோசப்படுத்தக்கூடாதுன்னு எங்கயும் போடலியே மாஸ்டர்."

போன கிழமை பொன்னையாவுக்கு ஏதோ வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசீர்வாதம் என்னைக் கூட்டிப்போனார். பின்னேரம் மூன்று மணியிருக்கும். ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இறங்கிய பனியோடு தூறலும் பிடித்துக்கொண்டது. நான் குடையை விரித்து இருவருக்கும் பிடித்தேன். லயத்தின் கடைசிக் காம்பராவை நெருங்கியபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். தபால் சட்டம் என்று ஒன்று உண்டு அம்மா என்று ராசம்மா மகனைப்போலவே குரலை மாற்றிப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். இவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று பொன்னையா கேட்டார். ஒருத்தியும் நீட்டமாட்டாள் என்று ராசம்மா சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து ஒன்றாக இருந்தது. பிறகு பொன்னையா சிரித்தார். இருமலும் சிரிப்புமாக அது நீண்டுகொண்டே போனது. அதற்குள் ராசம்மாவின் சிரிப்பும் வந்து கலந்தது.

நான் கதவைத் தட்டக் கையெடுத்தேன். ஆசீர்வாதம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் குடையின் மேல் பட்பட்டென்று விழுந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து குடையைப் பார்த்தார். என் கையிலிருந்து அதை வாங்கிச் சத்தமில்லாமல் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காதைக் கதவுப்பக்கம் சாய்த்தபடி மழையில் நின்றார்.